பச்சைக் கோடு

முதல் வருஷ பிசிக்ஸ் லேப். ஸ்பெக்ட்ரோமீட்டரில் கோடே தெரியவில்லை. சீனியர் ரெக்கார்டிலிருந்து ரீடிங்கைக் காப்பியடித்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். நம்மில் யார்தான் செய்யவில்லை?

பிறகுதான் செய்ஃபர்ட் பற்றிப் படித்தேன். 1943-ல் 6 கேலக்ஸிகளின் மைய ஒளியைப் பிரித்துப் பார்த்தவர். அவற்றில் ஒன்றான என்.ஜி.சி. 4151 சுமார் 5 கோடி ஒளியாண்டு தொலைவு. நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடு நீலப்பக்கம் நகரும், விலகிப்போனால் சிவப்புப்பக்கம். இரண்டும் சேர்ந்து கோடு அகன்றுவிடும். அந்த அகலத்தை அளந்தால், வாயு வினாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது தெரியும். நட்சத்திரங்களின் வேகத்தை அவற்றின் கருங்கோடுகள் சொல்லும். நடுவிலுள்ள கருந்துளையின் எடையைக்கூட இப்படிக் கணக்கிடுகிறார்கள். நம்ம ஜவ்வாது மலைக் காவலூரில், 1986-ல் திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியிலும் ஒளியைப் பிரித்து ஆராய்கிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். "களத்துல மரக்கால் தப்பினா பத்தாயத்துல மறுபடி அளந்துக்கலாம். அங்க யாருடா போய் அளக்கிறது?" என்றார்.

சுருக்கென்றது. அங்கிருந்து வருவது அந்த ஒளி மட்டும்தானே!

மறுநாள் சாரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டிவிட்டு, மறுபடி செய்யச் சொன்னார். ஸ்லிட்டைச் சரிசெய்ததும், பாதரச விளக்கின் பச்சைக் கோடு மெல்லிசாக வந்து நின்றது. ரீடிங் சீனியருடையதோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் நண்பர்களே, அது நானே கண்ணால் பார்த்து எடுத்தது!