மலைவாழைக்கு ஒரு முகவரி
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

மா, பலா, வாழை என்று முக்கனியைச் சொல்லும்போது வாழையைக் கடைசியில்தான் வைக்கிறோம். ஆனால் மணப்பந்தலின் வாசலிலும் பந்தியின் இலையிலும் தமிழர் வாழ்வோடு நிற்பது வாழையே. அந்த வாழைக்குக் குளிர் ஆகாது என்பது நாம் படித்த பாடம். 27 பாகை செல்சியசு வெப்பத்தில் அது செழிக்கும். 14 பாகைக்குக் கீழே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். உறைபனி பட்டால் இலை கருகும். இருந்தும், குளிர்ந்த மலைச்சரிவையே தாய்வீடாகக் கொண்ட வாழைகள் நம் நாட்டில் உண்டு. அவற்றுள் ஒன்றை அடையாளம் காண முயன்ற அனுபவமே இக்கட்டுரை.

மலைவாழைகளில் புகழ் பெற்றவை விருப்பாட்சியும் சிறுமலையும். திண்டுக்கல் மாவட்டத்தில் கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும், ஏறத்தாழ 2,000 முதல் 5,000 அடி உயரத்தில், காப்பிச் செடிகளோடு சேர்ந்து மழையை நம்பி அவை வளர்கின்றன. தடித்த தோல், கெட்டியான சதை, குறைந்த ஈரம். பழனிப் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமலிருக்க இந்த ஈரக்குறைவும் ஒரு காரணம். 2008-09இல் இவ்விரண்டும் புவிசார் குறியீடு பெற்றன.

நம் மாவட்டத்திலும் மலை இருக்கிறதே! என் அம்மாவைப் பெற்ற ஆயா வத்தல்மலையில் இருக்கிறார். அவருடைய காப்பிச் செடிகளுக்கு நடுவே மூன்று வாழைத்தூர்கள். பெயர் கேட்டால், "மலவாழ, அவ்வளவுதான் கண்ணு" என்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். செய்முறை வகுப்புக்கு வேண்டிய உருப்பெருக்கிக் கண்ணாடி, அந்த மலைவாழைத் தார் விற்ற பணத்தில்தான் வந்தது. அந்தக் கண்ணாடியைக் கொண்டே அந்த வாழையின் குலத்தை ஆராய்ந்தால் என்ன என்று எண்ணினேன்.

1955இல் சிம்மண்ட்சு, செப்பர்டு என்னும் அறிஞர்கள் இதற்கு ஒரு வழி வகுத்தனர். உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை மூசா அக்குமினேட்டா, மூசா பால்பிசியானா என்னும் இரு காட்டு இனங்களின் வழிவந்தவை. தண்டின் கரும்புள்ளி, காம்பின் பள்ளம், பூமடல் சுருளும் விதம், சூல்களின் வரிசை முதலிய 15 பண்புகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட வேண்டும். தூய அக்குமினேட்டாவுக்கு 15, தூய பால்பிசியானாவுக்கு 75. ஆயாவின் வாழை 40க்குச் சற்றுக் கீழே நின்றது. அக்குமினேட்டாவில் இரு பங்கும் பால்பிசியானாவில் ஒரு பங்கும் கலந்த கூட்டம் அது, விருப்பாட்சியும் அக்கூட்டமே. மதிப்பெண் குலத்தைத்தான் சொல்லும், பெயரைச் சொல்லாது என்று எங்கள் பேராசிரியர் நினைவூட்டினார். ஆகவே 'விருப்பாட்சியின் நெருங்கிய உறவு' என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதினேன்.

வளர்க்கும் கலையை ஆயாவிடம்தான் கற்றேன். சித்திரை மழையில் கன்று வைப்பார். மலையில் வளர்ச்சி மெதுவாதலால் தார் முற்ற 14 மாதங்களுக்கு மேல் ஆகும். சித்திரையில் வைத்தால் பூ வெளிவருவதற்குள் மார்கழிப் பனி கடந்துவிடும். தவறிப் பனியில் பூ வந்தால், தண்டின் கழுத்திலேயே தார் சிக்கிக்கொள்ளும். பள்ளிக்கூடம் போகாத ஆயாவுக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரிந்ததோ!

சென்ற தை மாதம் ஒரு தூரில் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நின்றன. "பனி அடிச்சிருக்கு. மாசி பொறந்தா குருத்து விட்டுரும்" என்றார் ஆயா. குளிரிலும் இலைகள் இப்படி நெருங்குவது உண்டு. ஆனால் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, காம்பிலும் நடுநரம்பிலும் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீற்றுகள் தெரிந்தன. குளிர் அவ்வாறு எழுதாது. அது முடிக்கொத்து நோய். அசுவினிப் பூச்சி பரப்பும் நச்சுயிரி. 1970களில் 18,000 எக்டேரில் இருந்த மலைவாழையை 2,000 எக்டேராகச் சுருக்கியதில் பெரும்பங்கு இதற்கு உண்டு. மருந்து கிடையாது. அந்தத் தூரின் கன்றை வேறிடத்தில் வைத்தால் நோயும் உடன் செல்லும்.

மூன்றில் பெரிய தூர் அதுதான். சொல்ல நா எழவில்லை; ஆயினும் சொன்னேன். ஆயா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மத்த ரெண்டும் பொழைக்குமா?" என்றார். "பொழைக்க வழி இருக்குது ஆயா." கடப்பாரையை அவரே எடுத்து வந்தார். பூச்சி பறந்து பரவாதபடி முதலில் மண்ணெண்ணெய் தெளித்தோம். பின் கிழங்கோடு தோண்டித் துண்டு துண்டாக வெட்டினோம். மற்ற இரண்டையும் மாதந்தோறும் பார்த்து வருகிறேன். இதுவரை கீற்று இல்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற மலைவாழைக் கன்றுகளை உருவாக்கியுள்ளன. அறிவியல் தன் கடமையைச் செய்கிறது. நம் கடமை என்ன? நண்பர்களே, உங்கள் ஊர்க் கொல்லையிலும் பெயர் தெரியாத ஒரு வாழை நிற்கக்கூடும். அதன் காம்பைப் பாருங்கள், பூவைப் பாருங்கள், நட்டவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பெயரும் நோயும் அறியாதவரை எந்தச் செடியையும் காக்க இயலாது. வாழையடி வாழையாக என்று வாழ்த்துகிறோமே, அந்த வாழ்த்து பலிக்க முதலில் வாழை இருக்க வேண்டுமல்லவா?