குளத்து மீன்

இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதாக மார்கழியிற் செய்தி வரும்போதெல்லாம் எனக்குத் தம்பியின் நினைவு வந்துவிடும். கனகராயன் ஆற்றில் வான்வெள்ளத்தை எதிர்த்து ஏறும் மீனுக்கு வீச்சுவலை வீசுவோம். மாசி, பங்குனியில் மண்புழு கோத்த தூண்டில். ஆடி, ஆவணியில்தான் உண்மையான வேட்டை. சிறுகுளங்கள் வற்றிச் சேறாகிவிடும். கரப்பைச் சேற்றிற் குத்தி, மேல்வாயால் கையை விட்டுத் துழாவவேண்டும். உள்ளே விராலும் இருக்கலாம், கெளிறும் இருக்கலாம். கெளிற்றின் முள் குத்தி நான் அழுத நாட்களே அதிகம். தம்பியோ அதில் விண்ணன். தொட்டவுடனேயே மீனின் பெயர் சொல்லுவான்.

அம்மாவுக்கு விரால்தான் மீன். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா ஆபிரிக்க மீன். எங்களூரிற் பெயரோ யப்பான் மீன்! அதனை அவர் சட்டியில் ஏற்றியதேயில்லை.

2009 மாசியில் மாத்தளன் பக்கம் போன தம்பி திரும்பவில்லை. நான் அப்போது கொழும்பில், அலுவலக மேசையிலிருந்து போர்ச் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

2010 இல் மீளக்குடியமர்ந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். அடுப்பில் யப்பான் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. சந்தையில் விரால் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாமப்பு, இதுவே காணும்" என்றார்.