பூட்டிய கதவருகே

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாட்களே இருந்தன. எம் பங்கு இளைஞர்கள் குடில் அமைத்துக்கொண்டிருந்தனர். மழைக்கு ஒதுங்கிய ஓர் ஏழைத் தாய், கைக்குழந்தையுடன் ஆலய முகப்பில் அமர்ந்திருந்தாள். பத்து மணியானதும், “அம்மா, கதவைப் பூட்ட வேண்டும்” என்றேன். அவள் மறுமொழி கூறாது, நனைந்த சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்.

பெத்லகேமில் கதவடைத்தோரைப் பல்லாண்டுகளாய்க் கண்டித்துப் பிரசங்கித்த நானே, அவ்விரவில் அவர்களுள் ஒருவனானேன். சற்றுப் பொறுத்து உள்ளம் உறுத்தவே, குடையுடன் ஓடினேன். தெரு வெறுமையாயிருந்தது.

நம் நாட்டில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர் என்றது 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பெருநகரங்களில் இலட்சம் பேருக்கு ஒரு காப்பகமேனும் வேண்டுமென உச்சநீதிமன்றம் 2010-இல் பணித்தது. ஆயினும், கணவனை ஓரிடத்திலும் மனைவி மக்களை வேறிடத்திலும் பிரித்து வைக்கும் காப்பகத்திற்கு எக்குடும்பம் விரும்பிச் செல்லும்? கூலி வேலை கிடைக்கும் இடத்திற்குத் தொலைவிலுள்ள காப்பகத்தால்தான் என்ன பயன்?

அன்பர்களே, உணவுப் பொட்டலம் ஒரு வேளைப் பசியைத் தீர்க்கும். உறங்க இடம் தராது. ஆகவே நம் அன்பியங்கள் பொட்டலத்தோடு நின்றுவிடலாகாது. நம் பகுதியில் காப்பகம் உண்டா, அதில் குடும்பங்களுக்கு இடமுண்டா என மாநகராட்சியிடம் எழுதிக் கேட்போம். முகவரியின்றிக் குடும்ப அட்டைக்கு அலைவோர்க்குத் துணை நிற்போம்.

இப்போது மழைக்கால இரவுகளில் எம் பங்கு மண்டபம் திறந்தேயிருக்கிறது. பலர் வந்து உறங்குகின்றனர். அந்தத் தாய் மட்டும் இன்னும் வரவில்லை.