காலுக்கடியில கெடந்தது

குருசடைத் தீவு. பாம்பன் குந்துகால்ல இருந்து வனத்துறை படகு.

கடல் பசுவைப் பாக்காம திரும்புறதில்லன்னு சபதம். புதுசா வாங்குன பைனாகுலரைக் கண்ணுல இருந்து எடுக்கவே இல்ல.

திடீர்னு ஒரு கறுப்பு முதுகு!
கத்திட்டேன். மொத்தப் படகும் திரும்பிப் பாத்துச்சு.
டயர்.

தீவுல, கரையோரத் தண்ணியில கால் நனைக்கப் போனப்ப வழிகாட்டி அண்ணன் சட்டுனு கையப் புடிச்சாரு.
"தம்பி, மிதிச்சுராதீங்க. அட்டை கெடக்கு."

கறுப்பா, வெள்ளரிக்கா மாதிரி. மேலெல்லாம் மணல் அப்பிக்கெடந்துச்சு. நான் கல்லுன்னுல்ல நெனச்சேன்!

"மண்ணைத் தின்னு, அதுல மக்குனதைச் செரிச்சுட்டு, சுத்தமான மண்ணா வெளிய விடும். ரொம்ப மிரண்டா குடலையே கக்கிடும். அப்புறம் புதுசா வளத்துக்கும்."

2001ல இருந்து கடல் அட்டை பிடிக்கத் தடை.
"முன்னாடி எங்கப்பா இதுக்குத்தான் முங்குவாரு"ன்னு சொல்லிட்டு, கொஞ்ச நேரம் கடலையே பாத்துட்டு நின்னாரு.

பைனாகுலரைப் பைக்குள்ள வச்சிட்டேன். காலுக்கடியில கெடக்குறதுக்கு அது எதுக்கு?

கடல் பசு வரவே இல்ல.
உங்கள்ல யாராச்சும் நெசமாவே பாத்திருக்கீங்களா? டயர் கணக்குல வராது.