சாய்ஞ்ச ஜீப்பும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டும்

முதல்ல கண்டுபிடிச்சது எங்க குடியிருப்பு வாட்ச்மேன்தான். "சாப், உங்க வண்டி ஒரு பக்கமா நிக்குதே"ன்னார். தரை சரியில்லைன்னு சொல்லிட்டு ஆபீஸ் போயிட்டேன்.

அடுத்தது தங்கமணி. "என்னங்க, வண்டியில உக்காந்தா நான் உங்க பக்கமாவே சரிஞ்சு சரிஞ்சு வர்றேன்." கல்யாணமாகி 18 வருஷத்துல இப்படி ஒரு வார்த்தை கேட்டதே இல்லையேன்னு உள்ளுக்குள்ள குஷியாயிட்டேன். "ரொம்ப சந்தோஷப்படாதீங்க, வண்டி சாயுது"ன்னு அடுத்த வரியிலேயே தண்ணி ஊத்திட்டாங்க. அவ்வ்வ்.

வண்டி மஹிந்திரா எம்.எம். 540. 1996 மாடல், பியூஜோ டீசல் எஞ்சின், முன்னாடி பின்னாடி ரெண்டுமே கமான் பட்டை. டேராடூனுக்கு மாற்றலாகி வந்த புதுசுல, பையனோட நச்சரிப்பு தாங்காம வாங்கினது. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும், அதெல்லாம் பக்காவா இருந்துச்சு. பேப்பர் சரியா இருந்தா பேங்க்காரனுக்கு வேற என்ன வேணும்? அதுக்கு மேல பார்க்கலை. அங்கதான் தப்பு பண்ணிட்டேன்.

முந்தின ஓனர் வண்டியை 4 இஞ்ச் தூக்கியிருந்தார். கமான்ல கூடுதலா பட்டை சேர்த்து, ஷாக்கிளையும் நீளமாப் போட்டு. (ஷாக்கிள்னா கமானோட ஒரு முனையை சேஸிஸோட தொங்கவிடுற இணைப்பு. அதை 2 இஞ்ச் நீட்டினா வண்டி 1 இஞ்ச்தான் உயரும், ஏன்னா கமானோட இன்னொரு முனை நகராது.) பெரிய டயர், உயரமான நிற்பு, பார்க்க ராஜா மாதிரி இருக்கும். பையன் தலைகீழா நின்னான். வாங்கிட்டேன்.

ஓட்டிப் பார்த்தப்ப ஏன் சாய்வு தெரியலைன்னு பின்னாடி யோசிச்சேன். ரோட்டோட நடுவுல மேடு, ரெண்டு ஓரத்துலயும் சரிவு. மழைத்தண்ணி வடியறதுக்கு. நாம இடது பக்கமா ஓட்டுறோம், அதனால எல்லா வண்டியும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ஞ்சுதான் போகும். என் ஜீப் வலது பக்கம் சாயுற ஜீப். ரோட்டுச் சரிவும் வண்டிச் சரிவும் கழிஞ்சு, உள்ள உக்காந்திருக்கிற எனக்கு மட்டமா இருந்துச்சு. சமதரையில நிறுத்தினப்பதான் குட்டு உடைஞ்சது.

இஞ்ச் டேப்பை எடுத்தேன். ரெண்டு பக்கமும் டயர் காத்து ஒண்ணா இருக்கான்னு முதல்ல பார்த்துட்டு, சக்கரத்தோட நடு மையத்துல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு சக்கரத்துலயும் அளந்தேன். முன்னாடி வலது பக்கம் 1 இஞ்ச் கம்மி. பின்னாடி வலது பக்கம் 1¾ இஞ்ச் கம்மி.

பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப். பேரு வேண்டாம். அந்தத் தம்பி அளக்கவே இல்லை. ஒரு தடவை குனிஞ்சு பார்த்தான், "ஆயிடும் சார்"னான். பின்பக்கம் வலது கமானுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஒரு இரும்புக் கட்டையை வெச்சு, யூ போல்ட்டை இறுக்கி, ரெண்டு மணி நேரத்துல சாவியைக் கையில குடுத்துட்டான். பானட் மேல ரசமட்டத்தை வெச்சுப் பார்த்தேன். குமிழ் நட்டநடுவுல. ஆகா! பில்லைக் கட்டிட்டு, தங்கமணிகிட்ட பெருமையா வேற சொல்லிக்கிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு சக்ராதா கிளம்பினோம். டேராடூன்ல இருந்து விகாஸ்நகர், கால்சி வழியா சுமார் 90 கி.மீ. கால்சியில அசோகரோட பாறைக் கட்டளை இருக்கு. 14 கட்டளைகளும் ஒரே பாறையில. அதுல சோழர், பாண்டியர் பேரெல்லாம் வருதுன்னு பையன்கிட்ட சொன்னேன். யமுனைக் கரையில நம்மாளுங்க பேரு! "எங்க இருக்குப்பா, காட்டு"ன்னான். பிராமி எழுத்து, பிராகிருத மொழி... நான் எங்க போய்க் காட்ட? ஙேன்னு முழிச்சுட்டு வண்டியை எடுத்துட்டேன்.

கால்சியில இருந்து ஏத்தம். சஹியா தாண்டி வளைவு மேல வளைவு. வலது வளைவுல வண்டி ஒழுங்காப் போகுது. இடது வளைவு வந்தா போதும், உடம்பு மொத்தமும் வலது பக்கம் குப்புன்னு அமுங்குது. பள்ளம் இருக்கிறதும் வலது பக்கம். ஒரு இடது வளைவுல எதிர்ல பஸ். நான் கொஞ்சம் வேகமாத் திருப்பிட்டேன். இடது பின் சக்கரம் ஒரு நொடி தரையில இருந்துச்சா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பின்னாடி பையன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு "அப்பா"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னான். தங்கமணி சக்ராதா போய்ச் சேர்ற வரைக்கும் பேசலை. திட்டியிருந்தாக்கூட தேவலை.

திரும்பி வந்து ஒரு வாரம் வண்டியைத் தொடலை. அப்புறம் எங்க கிளையில லாரி லோன் வாங்கின ஒருத்தர் சொல்லி, டிரான்ஸ்போர்ட் நகர்ல லாரிக்குக் கமான் வேலை மட்டுமே பார்க்கிற ஒரு பெரியவர்கிட்ட போனேன். எல்லாருக்கும் அவர் உஸ்தாத்ஜி. என்னை "மேனேஜர் சாப்"னு கூப்பிட்டார். (நான் மேனேஜர் இல்லைங்க. சொல்லிப் பார்த்தேன், காதுல வாங்கலை.)

அந்த இரும்புக் கட்டையைப் பார்த்ததும் முதல்ல அதைக் கழட்டச் சொன்னார். "அதைக் கழட்டினா மறுபடி சாயுமே"ன்னேன். "சாயட்டும். சாய்ஞ்சாத்தானே எங்க நோய்னு தெரியும்?"

சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! இங்க ஒரு சின்ன கொசுவர்த்தி. பி.காம் படிக்கிறப்ப டிரயல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா, வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் கணக்குல போட்டுட்டு எழுந்துடுவோம். ரெண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒண்ணா வந்துடும், தப்பு மட்டும் உள்ளேயே உக்காந்திருக்கும். எங்க அக்கவுண்டன்சி வாத்தியார் விடமாட்டார். "வித்தியாசத்தை 9-ஆல வகுத்துப் பாருடா, வகுபட்டா இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 2-ஆல வகுத்துப் பாரு, அந்தத் தொகை எங்கேயாவது இருந்தா பக்கம் மாத்திப் போட்டிருப்பே"ம்பார். நானோ 4,000 ரூபாய் குடுத்து ஒரு இரும்புக் கட்டையை சஸ்பென்ஸ்ல போட்டுட்டு, குடும்பத்தையே மலைக்கு ஏத்திட்டுப் போயிருக்கேன்.

உஸ்தாத் என்னை டிரைவர் சீட்ல உக்கார வெச்சுத்தான் அளந்தார். ஆள் இல்லாம அளந்து என்ன பிரயோஜனம், ஓட்டும்போது ஆள் இருப்பாரேன்னார். அப்புறம் முன்பக்கம் சேஸிஸோட குறுக்குச் சட்டத்துக்கு நட்டநடுவுல ஜாக்கியை வெச்சு, முன் கமான் மேல பாரம் இல்லாத அளவுக்குத் தூக்கினார். இப்ப வண்டியோட சாய்வை நிர்ணயிக்கிறது பின்பக்கக் கமான் ரெண்டும்தான். பின்னாடி அளந்தா அதே 1¾ இஞ்ச். அடுத்து இதையே தலைகீழா, பின்பக்கம் நடுவுல ஜாக்கி. முன்பக்க வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமப் போச்சு. முன் கமான் நிரபராதி. சேஸிஸ் விறைப்பா இருக்கிறதால, பின்னாடி விழுந்த சாய்வு முன்னாடியும் தெரிஞ்சிருக்கு. அவ்வளவுதான். இந்தச் சோதனைக்கு ஆனது 15 நிமிஷம்!

பின்பக்கக் கமான் ரெண்டையும் இறக்கி, சேறு, கிரீஸ் எல்லாம் சுரண்டித் தரையில பக்கத்துல பக்கத்துல போட்டார். எண்ணச் சொன்னார். ஒண்ணுல 9 பட்டை. இன்னொண்ணுல 10.

டிரைவர், ஸ்டீயரிங்னு வலது பக்கம் பாரம் கூட இருக்கும்னு தெரிஞ்சே, வண்டியைத் தூக்கின எவரோ ஒருத்தர் ஒரு கமானுக்கு ஒரு பட்டை அதிகம் வெச்சிருக்கார். நல்ல யோசனைதான். மாட்டும்போது அதை இடது பக்கம் மாட்டிட்டார்! பாரம் கம்மியான பக்கம் விறைப்பான கமான், பாரம் அதிகமான பக்கம் இளகின கமான். டெபிட்ல போட வேண்டியதை கிரெடிட்ல போட்ட கதை. அதான் வித்தியாசம் ரெண்டு மடங்கா நின்னிருக்கு. வாத்தியாரே, நீங்க எங்க இருந்தாலும் ஒரு கும்பிடு.

இடது வளைவு ரகசியமும் அப்பதான் புரிஞ்சது. இரும்புக் கட்டை உயரத்தைத்தான் சரி பண்ணுச்சு, விறைப்பை இல்லை. நிக்கும்போது மட்டமா இருந்த வண்டி, இடது பக்கம் திரும்பி பாரம் வலது பக்கம் வந்ததும் இளகின கமான்ல அமுங்கிடுச்சு.

ஆனா விஷயம் இதோட முடியலை. கமானைக் கழட்ட ஆக்ஸிலைக் கீழ இறக்கினப்ப, "ஏய், நிறுத்து"ன்னு பையனைப் பார்த்துக் கத்தினார் உஸ்தாத். என்னைக் கூப்பிட்டு டார்ச் அடிச்சுக் காட்டினார். சேஸிஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்குப் போற பிரேக் ரப்பர் குழாய், வீணைத் தந்தி மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது. வண்டியை 4 இஞ்ச் தூக்கினவங்க குழாயை மாத்தலை. பழைய நீளமே. சக்கரம் பள்ளத்துல இறங்குறப்பல்லாம் அது இழுபட்டு, இரும்பு முனைகிட்ட ரப்பர் சுத்தி வெடிப்பு. விரலால மடக்கினார், உள்ளே இருக்கிற நூல் தெரிஞ்சது.

இதோடதான் சக்ராதா போய், இறங்கியும் வந்திருக்கோம். வயித்துக்குள்ள ஐஸ் கட்டியை வெச்ச மாதிரி இருந்துச்சு. இந்தக் குழாய் விஷயத்தை இன்னும் தங்கமணிகிட்ட முழுசாச் சொல்லலை. "பிரேக்ல ஒரு சின்ன வேலை"ன்னு மட்டும் சொல்லியிருக்கேன்.

நீளமான புதுக் குழாய். கமான் பக்கம் மாத்தி மாட்டல். புஷ் எல்லாம் புதுசு. ஷாக்கிள் நட்டுகளை ஜாக்கியில தொங்கும்போது உஸ்தாத் இறுக்கவே இல்லை. லேசாப் பூட்டிட்டு, வண்டியைத் தரையில இறக்கி, குலுக்கி, பாரம் முழுசா உக்காந்தப்புறம்தான் முறுக்கினார். தொங்கும்போதே முறுக்கினா ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடிச்சுக்கிட்டு, வண்டி இறங்கினதும் முறுகிக்கிட்டே இருக்குமாம். அதுவே ஒரு பக்கத்தைத் தூக்கிக் காட்டுமாம்.

நீள ஷாக்கிளையும் கழட்டச் சொல்லிட்டேன். முன்னாடி அதைப் போட்டதுல ஆக்ஸில் சாய்மானம் மாறி, ஸ்டீயரிங் தானா நேராகாம அலைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சட்டமும் ஒண்ணு இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி குறிப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. ஊருக்கெல்லாம் லோன் பேப்பர்ல விதி பேசுறவன், சொந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கிளெய்ம்னு வந்தா என்னத்தைச் சொல்றது? கூடுதல் பட்டைகளையும் அடுத்த ஆர்.சி. புதுப்பிக்கிறதுக்கு முன்னாடி இறக்கியாகணும். பக்கம் பார்த்து வெச்ச அந்தப் பத்தாவது பட்டை உட்பட. அப்ப மறுபடி டேப்பும் கையுமா உஸ்தாத்கிட்ட நிக்கணும்.

உயரம் குறைஞ்சதுல பையன் மூணு நாள் பேசலை. நாலாவது நாள் அவனே டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் நாலு சக்கரத்தையும் அளந்துட்டு வந்தான். முன்னாடி வித்தியாசம் இல்லை. பின்னாடி வலது பக்கம் கால் இஞ்ச் கம்மி.

உஸ்தாத்துக்கு போன் போட்டேன். "இன்னும் கால் இஞ்ச் டேலி ஆகலையே"ன்னேன்.

"அளக்கிறப்ப சீட்ல யாரு?"

"நான்தான்."

"அப்ப அது வண்டிக் கணக்கு இல்லை, மேனேஜர் சாப்"னு சொல்லிட்டு வெச்சுட்டார். ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினது என் தப்பு. அன்னிக்கு ராத்திரியில இருந்து தட்டுல ரெண்டே சப்பாத்திதான்.