அரிவாள்மனைக்கு மாற்றாக மூன்று கத்திகள்

கத்தி வாங்கும் முன் அரிவாள்மனையை ஒருமுறை உற்று நோக்குவது நல்லது. அதில் அலகு அசைவதில்லை, காய்தான் அசைகிறது. மனையைக் காலால் அழுத்திக்கொண்டு அமர்ந்துவிட்டால் இரு கைகளும் காய்க்கே உரியவை. பரங்கிக்காயும் மீனும் அந்த ஏற்பாட்டுக்கு எளிதில் வசப்படும். கத்தியிலோ எல்லாம் தலைகீழ். காய் பலகைமேல் கிடக்க, அலகு நடமாடுகிறது.

எங்கள் வீட்டில் இது வெறும் கருவி மாற்றமாக இருக்கவில்லை. முழங்கால் வலியால் அம்மாவுக்குத் தரையில் அமர இயலாமற் போனது. நாங்களே நறுக்கித் தருகிறோம் என்றபோது அவர் முகம் வாடியது. "அப்புறம் எனக்கு இங்கே என்ன வேலை?" என்றார். ஆகவே, நல்ல கத்தி எது என்பதைவிட அவர் கைக்கேற்ற கத்தி எது என்பதே எங்கள் தேடலாயிற்று.

மரக்கட்டையில் 12 கத்திகளைச் செருகி விற்கும் தொகுப்புகளை முதலிலேயே ஒதுக்கினோம். எலும்பு நீக்கவும், சுட்ட இறைச்சியைச் சீவவும் செய்யப்பட்ட அலகுகளுக்கு எங்கள் சமையலில் வேலையில்லை. மூன்று போதும். பெரிய கத்தி பொதுவாக 8 அங்குலம் இருக்கவேண்டும் என்பார்கள். அம்மாவுக்கு அது வாளாகத் தோன்றியது. 6 அங்குலமே கைக்கு அடங்கிற்று. அடுத்தது, தோல் சீவவும் காம்பு கிள்ளவும் மூன்றரை அங்குலச் சிறு கத்தி. மூன்றாவது, ரொட்டிக்கும் பழுத்த தக்காளிக்குமான வாள்பல் கத்தி.

உலோகத்தில்தான் விவாதம் நீண்டது. ஷெஃபீல்டு நகரின் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்களுக்காக ஆராய்ந்துகொண்டிருந்தபோது, 1913-இல் துருப்பிடிக்காத எஃகைக் கண்டார். அது சமையலறைக்குள் நுழைந்தது பிற்பாடு. கரி எஃகில் கூர் எளிதில் ஏறும். ஆனால் எலுமிச்சை பட்டால் கறுக்கும், ஈரம் பட்டால் துருவேறும். ஜப்பானியக் கத்திகள் பலவற்றில் எஃகு மிகக் கடினமானது. கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் தேங்காய் ஓட்டின்மேல் பட்டால் விளிம்பு தெறித்துவிடும். எங்கள் வீட்டில் கத்தி தேங்காயருகே போகாது என்று எவரும் உறுதிகூற முடியாதாகையால், சற்றே மென்மையான, துருப்பிடிக்காத எஃகையே எடுத்தோம்.

விலையைவிடக் கூர் முக்கியம். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தும்போதுதான் அது வழுக்கி விரலுக்கு வருகிறது. கருங்கல் மேடையிலும் கண்ணாடித் தட்டிலும் வைத்து நறுக்கினால் கூர் விரைவில் போய்விடும். மரப்பலகையே நல்லது, அதனடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. தெருவில் சாணை பிடிப்பவரின் குரல் அருகிவிட்டதால் தீட்டுகல் ஒன்றும் வாங்கினோம். (தீட்டும் உரிமை இதுவரை எங்களுக்கு வழங்கப்படவில்லை.)

இப்போது உணவுமேசையருகே நாற்காலியில் அமர்ந்து, முட்டைக்கோஸை அம்மா பெரிய கத்தியால் இழைஇழையாக நறுக்குகிறார். அவரைக்காய்க்கு மட்டும் பலகை கிடையாது. சிறு கத்தியைக் கட்டைவிரலை நோக்கி இழுத்துக் கையிலேயே அரிகிறார். பார்க்க எங்களுக்குத்தான் பதறுகிறது. அந்தச் சிறு கத்தியை வேறெவரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.