கான் வெட்டத் தெரிந்தவர்கள்

கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கும் பீகோ ட்ரெயில், 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து நுவரெலியாவில் முடிகிறது. பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடை, அங்கிருந்து கொட்டகலை என்று வரும் கட்டங்கள் தலவாக்கலைப் பக்கத்து மலைகளைத் தொட்டுப் போகின்றன. நடைப்பயணிகளுக்கு இது புதுப் பாதை. ஆனால் பெரும்பகுதி, வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலை ஏற்றிய பழைய தோட்டப் பாதைகள்தான். அவற்றை வெட்டியவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்த நம் மூதாதையர். 2023இல் மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டை ‘மலையகம் 200’ என்று நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அந்த வழியைத்தான் மீண்டும் மிதித்தார்கள்.

தலவாக்கலைக்கு மேலே, தேயிலை முடிந்து மரங்கள் அடர்கிற இடத்தில் ஒரு துண்டுப் பாதையைச் சீர்செய்வதைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்று ஆண்கள், ஒரு பெண். மண்வெட்டி, கத்தி, அலவாங்கு. அட்டைக்காகக் காலில் சவர்க்காரம் பூசியிருந்தார்கள்.

மலைப்பாதையைக் கெடுப்பது நடப்பவர் கால் என்றே நினைத்திருந்தேன். பெரியவர் தலையாட்டி மறுத்தார். சருகு விழுந்து கான், அதாவது தண்ணீர் வடியும் வாய்க்கால், அடைகிறது. போக வழியில்லாத தண்ணீர் பாதையிலேயே ஓடி நடுவில் பள்ளம் பறிக்கிறது. சேற்றுக்குப் பயந்து ஆட்கள் ஓரமாக நடக்க, விளிம்பு இடிகிறது.

“பாதைய கீழ்ப்பக்கமா கொஞ்சம் சாச்சு வெட்டணும் தம்பி. தண்ணி நிக்காம எறங்கிரும்.”

சரிவு கூடிய இடங்களில் கற்களைப் பாதி புதையும்படி பாதைக்குக் குறுக்கே பதித்தார்கள், ஆனால் சாய்வாக. நேராக வைத்தால் தண்ணீர் தேங்கி மண் நிரம்பிவிடும். சாய்த்து வைத்தால் மண்ணையும் தள்ளிக்கொண்டு தண்ணீரே வெளியேறும். மேட்டில் மானாப் புல்லை அந்த அக்கா அடியை ஒட்டி அறுத்தார், வேரைத் தொடவில்லை. “வேரப் புடுங்குனா மேடே எறங்கிரும்” என்றார்.

இதை அவர்களுக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித்தரவில்லை. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, இடையிடையே மண்ணைத் திட்டாக விட்டு, அடித்துவரும் வண்டலைப் பிடித்து அள்ளிப் பழகிய கைகள். செயின்ட் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் எழுதிவைத்திருக்கும் மண் பாதுகாப்புப் பாடம் இவர்கள் செய்து வந்ததுதான்.

பீகோ ட்ரெயிலை அமைக்க ஐரோப்பிய ஒன்றியமும் யூஎஸ்எயிடும் பணம் தந்தன. பராமரிப்புக்கோ முடிவே இல்லை. ஒவ்வொரு மழைக்கும் வேலை உண்டு. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைச் சரித்தபோது எத்தனை வழிகள் மண்ணோடு போயின! ஒவ்வொரு துண்டையும் அந்தந்தத் தோட்டத்தாரிடமே ஆண்டுக் கூலியோடு ஒப்படைக்க வேண்டும் என்பேன். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை அளவாகக் காட்டி இந்தக் கைவேலையை மதிப்பிடக் கூடாது.

எல்லாம் ஏப்ரல் முடிவதற்குள் ஆக வேண்டும். மே மாதத்தில் தென்மேற்கு மழை பிடித்துவிடும். பிறகும் இவர்கள் ஓய்வதில்லை. கொட்டுகிற மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு மேலே ஏறுகிறார்கள். எந்தக் கல் தண்ணீரைத் திருப்புகிறது, எது விட்டுவிடுகிறது என்று அப்போதுதான் தெரியுமாம். ஜூனில் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார் பெரியவர்.